பழக்கம் மாறாமல் நெறி மாறாது

(தமிழ் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் முடிகின்றது. மேடையில் முழங்கியவர் அமர்கின்றார். கீழே இருப்போர் கைதட்டி ஆர்க்கின்றனர். 'தமிழ் வாழ்க' என்னும் முழக்கம் பந்தலைப் பிளக்கின்றது. அரை மணிநேரம் கழிகின்றது. அதே மக்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் கூடி நிற்கின்றனர். அங்கே எழும் பேச்சு என்ன? 'மீட்டிங் பிரமாதம்! டைம் போனதே தெரியலை!' என்பதுதான்.

அப்படிப் பேசியவர் பொய்யர் அல்லர். பந்தலில் அவர் எழுப்பிய முழக்கம் உண்மையானது. அவர் கண்ணில் துளிர்த்த நீரும் உண்மையானது. அவருடைய உள்ளம் ஒரு திசையில் திரும்பிவிட்டது. நாவோ இன்னும் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றது. உள்ளத்திற்கும் நாவிற்கும் இடையே கிடக்கும் இந்தத் தொலைவைக் கடப்பது எப்படி என்பதே இப்பொழிவின் பொருள்.

ஒருவன் எந்தத் திசையில் போகின்றான் என்பதை அவன் எடுத்த சூளுரையைக் கொண்டு அறிய முடியாது. திடுக்கிடும்போது அவன் வாயில் வரும் சொல் எது? சினம் மூளும்போது அவன் கை எங்கே போகின்றது? கையொப்பம் இடும்போது எந்த எழுத்து வந்து விழுகின்றது? சம்பள நாளில் அவன் கால்கள் எந்தத் தெருவிற்குத் திரும்புகின்றன? விழித்தவுடன் அவன் முதலில் தேடுவது எதை? இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை கண்டால், அவன் வாழ்க்கை எப்பக்கம் பார்த்து நடக்கின்றது என்பது விளங்கிவிடும். எண்ணாமல் செய்வன எவையோ அவையே ஒருவனின் உண்மையான நெறி.

பழக்கமும் வழக்கமும்

பழக்கம், வழக்கம் என்னும் இரு சொற்களையும் தமிழர் இணைத்தே சொல்வர். ஆயினும் அவை இரண்டும் ஒன்றல்ல. 'பழகு' என்பதன் வழி வந்தது பழக்கம்; அது 'பழமை' என்னும் சொல்லுக்கு உறவுடையது. மீண்டும் மீண்டும் செய்து பழையதாகிப் போனது பழக்கம். 'வழங்கு' என்பதன் வழி வந்தது வழக்கம். வழங்குதல் என்பதற்கு நடத்தல், இயங்குதல், பயிலுதல் என்னும் பொருள்கள் உண்டு. பலரிடையே பயின்று நடமாடுவது வழக்கம். சுருங்கச் சொன்னால், பழக்கம் ஒருவனுடையது, வழக்கம் ஊருடையது. ஒருவனின் பழக்கம் பலரின் பழக்கமாகி ஊரின் வழக்கமாக நிலைக்கின்றது.

இது வெறும் சொல்லாய்வு அன்று. கண்முன் நடந்த வரலாறு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கூட்டங்களில் 'அக்கிராசனர்' வீற்றிருந்தார். 'காரியதரிசி' அறிக்கை படித்தார். அறிஞர் 'உபந்நியாசம்' நிகழ்த்தினார். தேர்தலில் 'அபேட்சகர்' நின்றார். மாணவர் 'சருவகலாசாலை'யில் பயின்றனர். இன்று தலைவர் இருக்கின்றார், செயலாளர் படிக்கின்றார், அறிஞர் சொற்பொழிவு ஆற்றுகின்றார், வேட்பாளர் நிற்கின்றார், மாணவர் பல்கலைக்கழகத்தில் பயில்கின்றனர். பழைய சொற்களைக் கேட்டால் இன்றைய இளைஞர்க்கு நகைப்பு வரும். இந்த மாற்றம் ஓர் ஆணையால் ஒரே நாளில் வந்ததன்று. முதலில் ஒருவர் 'தலைவர் அவர்களே' என்று விளித்தபோது அருகில் இருந்தோர் நகைத்திருப்பர். அவர் நாணாமல் மறுமுறையும் அப்படியே விளித்தார். பிறர் பின்பற்றினர். ஒருவர் பழக்கம் ஊர் வழக்கமாயிற்று.

பெயருக்குப் பின்னால் குலப்பட்டம் ஒட்டும் வழக்கமும் இவ்வாறே தேய்ந்தது. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு, அப்பட்டங்களை விட்டுவிடுமாறு முடிவு செய்தது. அம்முடிவிற்குச் சட்ட வலிமை ஏதும் இல்லை. தத்தம் பெயரை எழுதும்போது பட்டத்தைச் சேர்க்காமல் நிறுத்திய கைகளே அதற்கு வலிமை தந்தன. குலப்பற்று இன்னும் ஒழிந்துவிடவில்லை; ஆயினும் தமிழ்நாட்டில் பெயரோடு குலப்பட்டம் சேர்த்துச் சொல்ல ஒருவர் நாணும் நிலை வந்துள்ளது. ஆயிரமாயிரம் கைகள் ஒரு பழக்கத்தை விட்டதன் விளைவு அது.

எனவே, 'என் ஒருவனால் என்ன ஆகும்?' என்று கேட்பவன் மொழியின் வரலாற்றை அறியாதவன். மொழி என்பது ஒவ்வொருவனாலும்தான் ஆகியிருக்கின்றது.

நாற்பதில் ஒரு திருப்பம்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்டுவிட்டுச் சோம்பி அமர்வோர் உளர். அவர்களுக்கு விடையாக நின்ற வாழ்வு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது மறைமலையடிகளின் வாழ்வு.

1876-இல் பிறந்து நாகப்பட்டினத்தில் வளர்ந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவர் நடத்திய இதழின் பெயர் 'ஞானசாகரம்'. அவர் தோற்றுவித்த அமைப்பு 'சைவ சித்தாந்த மகா சமாசம்'. பல்லாவரத்தில் அவர் நிறுவியது 'சமரச சன்மார்க்க நிலையம்'. இப்பெயர்களைப் பார்த்தாலே அவர் நாவும் கையும் எந்த நடையில் பழகியிருந்தன என்பது புலப்படும். வடமொழியை அறியாமல் அதை வெறுத்தவரும் அல்லர் அவர். காளிதாசனின் சாகுந்தல நாடகத்தைத் தமிழில் பெயர்த்துத் தந்தவர், ஆங்கிலத்திலும் வல்லவர். புகழும் மாணவர் கூட்டமும் அந்தக் கலப்பு நடையிலேயே அவருக்கு வந்து வாய்த்திருந்தன. அந்நடையை மாற்ற வேண்டிய புறத்தேவை எதுவும் அவருக்கு இல்லை.

1916-ஆம் ஆண்டு. அடிகளுக்கு அகவை நாற்பது. பல்லாவரத்து இல்லத்தின் தோட்டத்தில் தம் மகள் நீலாம்பிகையோடு உலாவிக்கொண்டிருந்தார். மகளுக்கு 12, 13 அகவை இருக்கும். இராமலிங்க அடிகளாரின் பாட்டு ஒன்றைப் பாடி உருகினர். அப்பாட்டில் 'தேகம்' என்னும் சொல் வருகின்றது. அவ்விடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் பாட்டின் இனிமை இன்னும் மிகும் என்று அடிகள் மகளுக்கு எடுத்துரைத்தார். பிறசொல் கலப்பதால் தமிழ்ச்சொற்கள் வழக்கிழந்து போகும் இழப்பையும் சொன்னார். அன்று முதல் தனித்தமிழிலேயே பேசவும் எழுதவும் தந்தையும் மகளும் உறுதி பூண்டனர்.

இங்கே கருத வேண்டுவது ஒன்றுண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் முதல் நிகழ்ச்சி மேடையில் நடக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில், ஒரு தந்தைக்கும் ஒரு சிறுமிக்கும் இடையில், ஒரே ஒரு சொல்லைப் பற்றி நடந்தது. அதன் பின்னரே பிற மாற்றங்கள் வந்தன. வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. மக்களின் பெயர்களும் மாறின. மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார்.

பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. நடையை மாற்றுவதோ பல்லாண்டு உழைப்பு. முன்பு கலப்பு நடையில் எழுதி அச்சேற்றிய நூல்களை மறுபதிப்புக்குக் கொண்டுவந்தபோது, அடிகள் அவற்றைச் சொல் சொல்லாகத் திருத்தினார். தாம் எழுதியதைத் தாமே அடித்துத் திருத்துவது எளிய செயலன்று. அதற்குத் தமிழறிவு மட்டும் போதாது. தம் பழைய பெருமையைத் தாமே குறைத்துக்கொள்ளும் உள்ள உரமும் வேண்டும்.

அடிகள் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உடையவர். இளமையில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய அதனை இறுதிவரை ஆங்கிலத்திலேயே எழுதினார். இதைச் சொல்வது அவரைக் குறைத்துக் காட்டுவதற்கு அன்று. அத்துணைப் பெரியார்க்கும் எல்லாப் பழக்கமும் ஒருங்கே மாறிவிடவில்லை என்பதை அறிந்தால், எளியவர் எவரும் தளர்ந்து போக மாட்டார். முழுமை வரட்டும் என்று காத்திருந்தால் அடிகள் 1916-இல் தொடங்கியிருக்கவே முடியாது. மாற்ற முடிந்ததை அன்றே மாற்றினார். எஞ்சியது எஞ்சட்டும் என்று நடந்தார்.

அந்தச் சிறுமி என்ன ஆனார்? தோட்டத்தில் ஒரு சொல்லைக் கேட்டு உறுதி பூண்ட நீலாம்பிகை அம்மையார், 1937-இல் 'வடசொற்றமிழ் அகரவரிசை' என்னும் நூலைத் தந்தார். ஒரு சொல்லில் தொடங்கிய பழக்கம் 21 ஆண்டுகளில் ஓர் அகரவரிசையாக விளைந்தது. வீட்டில் தொடங்கியதால்தான் அது வளர்ந்தது.

பழக்கம் வேர்விடும் வகை

பழக்கத்தை மாற்ற விரும்புவோர் அது எப்படி வேர்விடுகின்றது என்பதை அறிந்திருத்தல் நன்று. வில்லியம் சேம்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1890-இல் வெளியிட்ட தம் உளவியல் பெருநூலில் பழக்கத்திற்கென ஓர் இயலையே வகுத்தார். புதிய பழக்கத்தை முழு வலிமையோடு தொடங்க வேண்டும்; அது வேரூன்றும் வரையில் விலக்கு எதற்கும் இடம் தரலாகாது; எடுத்த முடிவைச் செயலாக்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பையே பற்றிக்கொள்ள வேண்டும் என்பன அவர் தந்த அறிவுரைகள்.

அதன்பின் ஒரு நூற்றாண்டிற்கு மேல் கழிந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் குழு ஒன்று இதனை அளந்து பார்த்தது. அவ்வாய்வு 2009-இல் வெளிவந்தது. 96 பேர் அதில் பங்கேற்றனர். உண்ணும்போது ஒரு பழம் சேர்த்துக்கொள்ளுதல், உணவுக்கு முன் சிறிது நடத்தல் போன்ற எளிய செயல் ஒன்றை ஒவ்வொருவரும் தெரிந்தெடுத்து, 12 கிழமைகள் நாள்தோறும் செய்து வந்தனர். எண்ணாமலே செய்யும் நிலையை அச்செயல் எய்துவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டனர். ஆயினும் ஒருவருக்கு 18 நாள் போதும். மற்றொருவருக்கு 254 நாள் வேண்டும் என்னும் அளவிற்கு வேறுபாடு இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் முயற்சி பாழாகிவிடுவதில்லை என்பதும் தெரிய வந்தது.

இவ்வாய்விலிருந்து தமிழர் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, பொறுமை. ஒரு கிழமை முயன்றுவிட்டு, 'என் நாவிற்குத் தனித்தமிழ் வராது' என்று கைவிடுவது முளைவிடாத விதையைத் தோண்டிப் பார்ப்பதை ஒக்கும். இரண்டு, மூன்று திங்களாவது விடாமல் முயன்றவரே தம்மால் ஆகுமா ஆகாதா என்று சொல்லும் உரிமை உடையவர்.

இரண்டாவது, பற்றுக்கோடு. பழக்கம் தனித்து நிற்பதில்லை. இடத்தையும் வேளையையும் கூட்டாளியையும் பற்றிக்கொண்டு நிற்கின்றது. தேநீர்க் கோப்பையைக் கண்டதும் வெண்சுருட்டை நாடும் கை, கோப்பையைத்தான் பற்றியிருக்கின்றது. அவ்விடத்தையும் அவ்வேளையையும் மாற்றாமல் உறுதிமொழி மட்டும் எடுப்பவன், வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகின்றான்.

மூன்றாவது, ஈடு. ஒன்றை நீக்கினால் அவ்விடத்தில் மற்றொன்றை வைக்க வேண்டும். 'தேங்க்சு' சொல்லாதே என்று ஒரு பிள்ளையைத் தடுத்தால் அது வாய்மூடி நிற்கும். 'நன்றி' என்பதை நூறுமுறை சொல்லிப் பழகிய பிள்ளையிடம் தடை எதுவும் வேண்டா. வெற்றிடமாக விட்ட இடத்தில் பழையதே மீண்டும் வந்து குடியேறும்.

நெறியைத் தேர்தல்

எந்தப் பழக்கத்தை விடுவது, எதைக் கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் நெறி ஒன்று முதலில் வேண்டாவா? வேண்டும். நெறி இல்லாத பழக்கம் செக்கைச் சுற்றும் மாடு. நாள் முழுதும் நடக்கும், ஊர் போய்ச் சேராது. பழக்கமாகாத நெறியோ ஊர்ப்பெயர் எழுதிய கைகாட்டி மரம். வழியைக் காட்டும், ஓரடியும் நடக்காது.

நெறியைத் தேரும் முறையைத் திருவள்ளுவர் தம் அதிகார வைப்பிலேயே காட்டியிருக்கின்றார். 43-ஆம் அதிகாரம் அறிவுடைமை. அறிவு வந்தவுடனே செயலில் இறங்கு என்று அவர் சொல்லவில்லை. அடுத்து 44-ஆம் அதிகாரமாகக் குற்றங்கடிதலை வைத்தார். அழுக்குப் படிந்த கலத்தில் ஊற்றிய பால் திரிந்துவிடும் அன்றோ? அதனை அடுத்து 45-ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். 46-ஆம் அதிகாரம் சிற்றினம் சேராமை. இந்நான்கும் கடந்த பிறகே 47-ஆம் அதிகாரமாகத் தெரிந்து செயல்வகை வருகின்றது. அதன் பின் தன் வலிமை அறிதல், காலம் அறிதல், இடம் அறிதல் என்று மேலே செல்கின்றார்.

இவை அரசனுக்குச் சொன்னவை எனலாம். தன் நாவையும் கையையும் ஆள வேண்டியவனும் அரசனே. இன்று பலர் 47-ஆம் படியிலேயே தொடங்குகின்றனர். தம் குற்றத்தைக் களையாமல், வழிகாட்டும் பெரியார் எவரையும் நாடாமல், தீய கூட்டை விலக்காமல், நேரே செயலில் குதிக்கின்றனர். அத்தகைய செயல் முழக்கத்தில் தொடங்கி மனக்கசப்பில் முடிகின்றது.

நெறியைத் தேர்ந்து அதற்கே வாழ்நாளை ஈந்தவர்க்கு எடுத்துக்காட்டு மொழிஞாயிறு பாவாணர். 1902-இல் பிறந்த அவர் தேவநேசக் கவிவாணன் என வழங்கிய தம் பெயரைத் தேவநேயப் பாவாணர் எனத் தமிழாக்கிக்கொண்டார். பெயரோடு நின்றுவிடவில்லை. தமிழ்ச் சொற்களின் வேர் காண்பது என்னும் ஒரே நெறியில் தம் படிப்பு, பணி, பொருள், பொழுது அனைத்தையும் திருப்பினார். பள்ளியில் கற்பித்தபோதும் கல்லூரியில் கற்பித்தபோதும், வறுமை வாட்டியபோதும் அந்நெறி மாறவில்லை. அவர் விரும்பிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974-இல் அமர்த்தப்பெற்றபோது அவருக்கு அகவை 72. 1981-இல் மறைந்தார். முதல் மடலத்தின் முதற்பகுதி 1985-இல்தான் வெளிவந்தது. அகரமுதலி முழுவதும் 31 பகுதிகளாக 2011-இல் நிறைவுற்றது. நெறியைத் தெளிவாகத் தேர்ந்தவர் இறந்த பின்னும் அந்நெறி நடந்துகொண்டேயிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நெறி தேர்வோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று உண்டு. இதனால் என்னையன்றி வேறு யாருக்குப் பயன்? இன்னும் பத்தாண்டு கழித்தும் இதைச் செய்ததற்காக மகிழ்வேனா? என் மகன் அல்லது மகள் என்னைப் பார்த்து இதையே செய்தால் நான் உவப்பேனா? மூன்றாம் வினாவிற்கு உவப்பேன் என்று விடை சொல்ல இயலாதவன், அப்பழக்கத்தை அன்றே கைவிடத் தொடங்கலாம்.

குடியும் குடியும்

இனி, சொல்வதற்குக் கசப்பான ஒன்று. இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் சொல்லப்படாதது அது.

எந்த ஊரிலும் காணக்கூடிய தமிழன்பர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் இயக்க இதழ்களைத் தவறாமல் வாங்குகின்றார். சுவரொட்டி ஒட்டுகின்றார். மறியலில் முன்னே நிற்கின்றார். கூட்டம் முடிந்தபின் தோழர்களோடு கடைக்குப் போகின்றார். நள்ளிரவில் வீடு திரும்புகின்றார். சம்பளத்தில் பாதி அங்கே கரைந்துவிட்டது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு மனைவி அடகுக்கடை ஏறுகின்றார். அந்த வீட்டுச் சுவரில் திருவள்ளுவர் படம் தொங்குகின்றது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். அந்தப் பிள்ளை வளர்ந்து தமிழைப் பற்றி என்ன எண்ணும்? தந்தையை வீட்டைவிட்டு வெளியே இழுத்துச் சென்ற ஒன்று என்றுதான் எண்ணும். தமிழ்ப்பகைவர் நூறு பேர் கூடினாலும் செய்ய இயலாத கேட்டை அந்த ஒரு தந்தை தன் வீட்டிலேயே செய்து முடிக்கின்றார்.

தமிழில் 'குடி' என்னும் சொல்லுக்குக் குடும்பம் என்றும் பொருள் உண்டு; குடித்தல் என்றும் பொருள் உண்டு. முன்னதைப் பின்னது அழிக்கும் என்பது ஊரறிந்த உண்மை. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் அமைக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே நடத்துகின்றது.

'தமிழ்நாடு' என்னும் அப்பெயருக்காக உயிர்விட்டவர் ஒருவர் உண்டு. விருதுநகர்ச் சங்கரலிங்கனார் 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்தோபர் 13-இல் உயிர்நீத்தார். அவர் முன்வைத்த கோரிக்கைகள் 12. இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மதுவிலக்கு வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 1969 சனவரி 14-இல் பெயர் வந்துவிட்டது. மற்றது வரவில்லை. அவர் ஈகத்தால் வந்த பெயரைத் தாங்கிய கழகத்தின் கடையில் ஒரு தமிழன்பர் வரிசையில் நிற்கும்போது, அந்த ஈகத்தின் பாதியை அவர் மறந்து நிற்கின்றார்.

அரசு கடையை மூடட்டும் என்று கேட்பது உரிமை. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், கடை மூடும் நாள்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. நீண்ட நாள் குடித்துப் பழகியவர் திடுமென நிறுத்தினால் உடல் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆகையால் அத்தகையோர் மருத்துவர் துணையோடு விடுவதே அறிவுடைமை. துணை தேடுவதில் இழிவு இல்லை. பெரியாரைத் துணைக்கோடல் என்பதற்கு இதுவும் ஒரு பொருள்.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் புறப்பட்டவர் மறுநாளே களைத்துவிடுவர். ஒன்றைத் தெரிந்தெடுத்தல் போதும்.

கையொப்பத்தில் தொடங்கலாம். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. ஆணை தாளில் இருக்கின்றது; எழுத வேண்டியது கை. அந்தச் சிறு மாற்றம் நாளுக்குப் பலமுறை, 'நீ யார்?' என்று எழுதுவோனையே கேட்டுக்கொண்டிருக்கும்.

கிழமைக்கு ஒரு சொல்லில் தொடங்கலாம். வீட்டில் மிகுதியாகப் புழங்கும் அயற்சொல் ஒன்றை எடுத்து, அதற்குரிய தமிழ்ச்சொல்லை அடுக்களைச் சுவரில் எழுதி வைக்கலாம். தவறியவரைக் கடிந்துகொள்ளாமல், சிரித்துக்கொண்டே திருத்தலாம். ஆண்டு முடிவில் 52 சொற்கள் அந்த வீட்டின் வழக்கமாகியிருக்கும். கடிந்து திருத்தும் வீட்டில் தமிழ் அச்சமாக வளரும். மகிழ்ந்து திருத்தும் வீட்டில் அது விளையாட்டாக வளரும்.

படிப்பில் தொடங்கலாம். இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, அரைமணி நேரம் பொத்தகம் ஒன்றை ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். இடமும் வேளையும் மாறாதிருந்தால் இரண்டு, மூன்று திங்களில் பிள்ளைகளே வந்து அமர்ந்து அழைப்பர்.

பொருளில் தொடங்கலாம். கடன்பட்டுச் செய்யும் மஞ்சள் நீராட்டும் வண்ண விளம்பரப் பலகையும் தமிழ்ப் பண்பாடு ஆகா. வரவு செலவைக் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து எழுதும் பழக்கம் வந்தால், வீணாவது எது என்பது முதல் திங்களிலேயே கண்ணில் படும். இல்லத்து வேலைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஆண்மகனே பெண்ணுரிமை பேசத் தகுதி உடையவன்.

இவற்றுள் எதைத் தொடங்கினாலும், வழுக்கி விழும் நாள் ஒன்று வரும். அன்று நாணிக் கைவிடாமல் மறுநாள் மீண்டும் எழுவதே முதன்மையானது. ஒரு நாள் தவறு பழக்கம் அன்று. தவறியபின் எழாமல் கிடப்பதே பழக்கம்.

தமிழ்ப் பெருங்குடி மக்களே! மொழியை மீட்பதும் தன்னை மீட்பதும் இரண்டு வேலைகள் அல்ல. தன் நாவைத் தான் ஆளாதவன் தாய்மொழியை ஆட்சியில் ஏற்ற முடியாது. தன் கைப்பொருளைக் காக்கத் தெரியாதவன் நாட்டைக் காக்கப் புறப்பட்டால் எவரும் நம்பார். பல்லாவரத்துத் தோட்டத்தில் ஒரு தந்தை ஒரு சொல்லை மாற்றினார். மகள் அதைப் பற்றிக்கொண்டார். ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் அத்தகைய ஒரு மாலைப்பொழுது இன்றே வரலாம். அதற்குப் பந்தலும் வேண்டா, கொடியும் வேண்டா. ஒரு சொல்லும், அதைக் கேட்க ஒரு பிள்ளையும் போதும்.

கூட்டம் முடிந்தது. தெருமுனையில் தேநீர்க் கடை திறந்திருக்கின்றது. அங்கே பேசப்போகும் முதற்சொல்லில் தொடங்கட்டும் மாற்றம்.

வெல்க தமிழ்!